சொப்புக் கேக்குக்குக் கிரீம் பூசுவது எப்படி: எந்த வெள்ளை எப்படி இறுகும்?

போன வருடம் என் மகள் அப்பத்தாவின் மரச் சொப்புப் பெட்டியைத் திறந்து வளவில், அதாவது வீட்டின் நடுமுற்றத்தில், பரப்பினாள். அம்மி, ஆட்டுக்கல், இட்லிப் பானை, திருகை, தூக்குவாளி என்று எல்லாம் வந்தன. கடைசியில் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்துவிட்டு, "கேக் எங்கே?" என்று கேட்டாள். அப்பத்தா காலத்துச் சொப்பில் கேக்குக்கு எங்கே போவது? நான் செய்து தருகிறேன் என்று வாய் விட்டுவிட்டேன். கேக்கை உருட்ட ஒரு மாலைப் பொழுது போதுமானதாக இருந்தது. அதன் மேல் கிரீம் வைக்க மூன்று மாதம் ஆனது.

கேக்கின் அடிப்பகுதியைச் செய்வது பற்றி இங்கே எழுதவில்லை. களிமண்ணை வட்டமாக வெட்டத் தெரிந்தவர்களுக்கு அது தெரியும். அளவு மட்டும் சொல்லிவிடுகிறேன். பொம்மை வீடு செய்பவர்கள் பெரும்பாலும் 1:12 அளவைப் பிடிக்கிறார்கள்; நிஜத்தில் ஓர் அடி இருப்பது இங்கே ஓர் அங்குலம். 20 செ.மீ. அகலமுள்ள கேக் இதில் 1.7 செ.மீ. ஆகிவிடும், ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறியது. கேக் மேல் 3 செ.மீ. அகலத்தில் வைக்கும் கிரீம் பூ, இங்கே 2.5 மி.மீ. கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. என் தொல்லைகள் எல்லாம் அந்தக் கடுகில்தான் தொடங்கின.

நான் கல்லாக்கிய மாவு

முதலில் எடுத்தது சுவருக்குப் பூசும் வெள்ளைப் பட்டி மாவு. வீட்டில் வெள்ளையடித்தபோது மிஞ்சிய தூள் மூட்டையில் கிடந்தது. தண்ணீர் விட்டுக் குழைத்தேன்; பார்க்க அசல் கிரீம். கோனில் அடைத்துப் பிழிந்தால் இரண்டு பூ வரும், மூன்றாவது அடைத்துக்கொள்ளும். ஊசியால் குத்திவிட்டால் மறுபடி இரண்டு.

அப்போது எங்கள் பங்காளி வீட்டில் பழைய சுவரைச் சுண்ணாம்பிலேயே செப்பனிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் செட்டிநாட்டுப் பழைய வீடுகளின் சுவர்கள் கையை வைத்தால் வழுக்கும். சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசித் தேய்த்த சுவர்கள் அவை. (கேக்குக்கு நிஜமாகவே போடும் ராயல் ஐசிங்கும் சர்க்கரைத் தூளும் முட்டை வெள்ளைக்கருவும்தான். எங்கள் முன்னோர் சுவருக்கே ஐசிங் பூசியிருக்கிறார்கள் என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டு திரிகிறேன்.) வேலை செய்துகொண்டிருந்த பெரிய கொத்தனாரிடம் என் கோனைக் காட்டினேன். விரல் நுனியில் கொஞ்சம் தொட்டு நசுக்கிப் பார்த்தார். "கட்டி இருக்கிறது ஆச்சி. துணியில் வடிகட்டுங்கள். பிறகு ஒரு ராத்திரி மூடி வையுங்கள். ஊறின சாந்துதான் சொன்னபடி கேட்கும்" என்றார்.

அப்படியே செய்தேன். பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, டப்பாவில் போட்டு இறுக மூடி வைத்தேன். காலையில் டப்பாவோடு சேர்த்துத்தான் தூக்கிப் போட வேண்டியிருந்தது. உள்ளே கல்.

கொத்தனார் சொன்னதில் தவறில்லை. அவர் சொன்னது சுண்ணாம்புக்கு. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் இறுகும். காற்றுப் படாமல் மூடி வைத்தால் நாள்கணக்கில் வெண்ணெயாகவே இருக்கும், ஊற ஊறப் பதம் கூடும். நான் குழைத்த தூளில் இருந்தது வெள்ளைச் சிமெண்ட். அது தண்ணீரோடு சேர்ந்தே இறுகுவது, மூடினாலும் திறந்தாலும் அதற்கு ஒன்றுதான். வெள்ளையாகக் குழைந்து இருந்தால் எல்லாம் ஒன்று என்று நினைத்தேன் பாருங்கள், அங்கேதான் சறுக்கினேன்.

அதனால் கடைக்குப் போகும் முன் ஒரு கேள்வியை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: இது எதனால் இறுகுகிறது? ஃபெவிகால், அக்ரிலிக் பட்டி, ஃபோம் கிளே (நுரைபோல் லேசான கைவினைக் களி) மூன்றும் தங்களிடமுள்ள தண்ணீர் வற்றி இறுகுபவை. வற்றுவதால் கொஞ்சம் சுருங்கும், மழைக்காலத்தில் தாமதமாகும். சிலிகான் நேர்மாறு. அது காற்றிலுள்ள ஈரத்தை வாங்கித்தான் இறுகும் என்பதால் ஐப்பசி அடைமழை அதற்குத் தடையே இல்லை. பாலிமர் களிமண்ணுக்குக் காற்றும் வேண்டாம், ஈரமும் வேண்டாம், சூடுதான் வேண்டும்.

நான் இப்போது குழைப்பது

ஹார்டுவேர் கடையில் "ரெடி மிக்ஸ் அக்ரிலிக் பட்டி" என்று கேளுங்கள். தூளாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். டப்பாவில் குழைவாக இருக்க வேண்டும். ஒரு கிலோ டப்பா வாங்கினால் ஊரிலுள்ள எல்லாச் சொப்புக்கும் கேக் செய்யலாம்.

இரண்டு தேக்கரண்டி பட்டிக்கு அரைத் தேக்கரண்டி ஃபெவிகால், நாலைந்து சொட்டு வெள்ளை அக்ரிலிக் வண்ணம். ஃபெவிகால் எதற்கென்றால், வெறும் பட்டி காய்ந்தபின் நகம் பட்டாலே உதிரும், தடித்துப் பூசினால் வெடிக்கும். பசை சேர்ந்தால் பிடித்துக்கொள்ளும். ஆனால் ஆசைப்பட்டு அதிகம் ஊற்றினால் பூவின் முனை சரிந்து மொட்டையாகிவிடும். கண்ணாடித் துண்டின் மேல் வைத்து, சப்பட்டைக் கத்தியால் அழுத்தி இழுத்து இழுத்துக் குழையுங்கள். கிண்ணத்தில் போட்டுக் கிளறக் கூடாது. கிளறினால் காற்றுக் குமிழ் ஏறும், பிழியும்போது ஒவ்வொரு குமிழும் ஒரு பூவைக் கெடுக்கும். கண்ணாடியில் இழுக்கும்போது கட்டிகளும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். இருந்தாலும் மெல்லிய துணியில் ஒரு முறை வடிகட்டிவிடுகிறேன்.

பிறகு காற்றுப் புகாத டப்பாவில் ஒரு ராத்திரி. ஆமாம், கொத்தனார் சொன்ன அதே ராத்திரி. இது தண்ணீர் வற்றினால்தான் இறுகும் சரக்கு, மூடிய டப்பாவில் எங்கே வற்றும்? குமிழ்கள் மேலே வந்து அடங்கிவிடும்.

காலையில் பதம் பார்க்க வேண்டும். பல்குத்தும் குச்சியை உள்ளே விட்டு நேராக மேலே இழுங்கள். ஒரு முனை எழும்பும். அந்த முனை அப்படியே ஊசியாக நின்றால் கெட்டி, கோன் அடைக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் சேருங்கள். முனை எழும்பி, தலை மட்டும் மெல்லச் சாய்ந்து, வாழைப்பூ நுனி போல் வளைந்து நின்றால் அதுதான் பதம். முழுவதும் உட்கார்ந்துவிட்டால் தளர்வு. கண்ணாடியில் பரப்பிப் பத்து நிமிடம் காற்றாட விடுங்கள். அதிரசப் பாகை விரலில் உருட்டிப் பார்க்கும் கை இருந்தால் இது இரண்டாம் முறையே பிடிபட்டுவிடும்.

கோனும் பல்லும்

பேக்கரிக்காரர்களின் நட்சத்திர முனைகளில் ஆகச் சிறியதும் நமக்குப் பெரிதுதான். இணையத்தில் விற்கும் குட்டி முனைகளை வாங்கிப் பார்த்தேன். பணத்துக்குத் தகுந்த பொருளாக எனக்குப் படவில்லை. மருதாணிக் கோன்தான் என் கட்சி. ஃபேன்ஸி கடையில் காலிக் கோன் கிடைக்கும். இல்லையென்றால் பூங்கொத்து சுற்றி வரும் கண்ணாடித் தாளைச் சுருட்டிக்கொள்ளுங்கள்.

நட்சத்திர முனையின் பல்லுக்கு ஒரு குளிர்பான அலுமினிய டின். இரண்டு செ.மீ. சதுரமாக ஒரு துண்டு வெட்டி, கூம்பாகச் சுருட்டி, முனை 3 மி.மீ. அகலம் வரும்படி நறுக்குங்கள். அந்த வட்டத்தில் நகக் கத்திரியால் ஐந்து முக்கோண வெட்டு. பிறகு ஒவ்வொரு பல்லையும் ஊசியால் உள்பக்கமாக மெதுவாகத் தள்ளினால் வாய் பாதியாகக் குறுகி நட்சத்திரமாகிவிடும். மருதாணிக் கோனின் நுனியை நறுக்கிவிட்டு, உள்ளிருந்து இதை இறக்கி, பின்னால் சரக்கை நிரப்பி மடித்து ஒட்டிவிடலாம். டின் விளிம்பு பிளேடுக்குச் சமம். என் கட்டைவிரலில் இன்னும் தழும்பு இருக்கிறது. குழந்தைகளிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

பிழியும்போது கோனைச் செங்குத்தாகப் பிடியுங்கள். நுனி கேக்கைத் தொடக் கூடாது, ஒரு மயிரிழை மேலே நிற்க வேண்டும். அழுத்துங்கள், சரக்கு அகலட்டும், அழுத்துவதை நிறுத்துங்கள், அதன் பிறகு தூக்குங்கள். அழுத்திக்கொண்டே தூக்கினால் வால் வரும். என் முதல் தட்டில் எல்லாப் பூவும் எலிவாலோடு இருந்தன. இப்போதும் முதல் பத்தைக் கண்ணாடியில் பிழிந்து வழித்துப் போட்டுவிட்டுத்தான் கேக்குக்கு வருகிறேன்.

கேக் முழுவதும் மூடும் பூச்சை ஒரே தடவையில் தடிமனாக அப்பாதீர்கள். ஒரு மி.மீ.க்குள் ஒரு பூச்சு, காய்ந்தபின் இன்னொன்று. காய வைப்பது நிழலில். வளவு வெயிலில் வைத்தால் மேல்தோல் முதலில் இறுகி, உள்ளே வற்றும்போது வெடிப்பு விழும். வெடித்தால் பதற வேண்டாம். பட்டியைத் தண்ணீராகக் கரைத்துத் தூரிகையால் நிரப்பினால் மறைந்துவிடும்.

சிலிகான், எனக்குப் பிடிக்காதது

பலரும் சொல்வது இதைத்தான்: குளியலறை இடுக்கில் அடைக்கும் வெள்ளை சிலிகானைப் பிழிந்தால் கிரீம் தயார். பிழிய அருமையாக வரும், சுருங்காது, வெடிக்காது. கைபேசி உறை மேல் பெரிய கிரீம் சுருள் வைப்பவர்களுக்கு நல்லது, வளைந்தாலும் உடையாது. நான் இருபது கப் கேக்குக்கு வைத்துவிட்டு, மறுநாள் ரோஜா நிற அக்ரிலிக் வண்ணம் தீட்டினேன். அழகாகக் காய்ந்தது. மகள் ஒன்றை எடுத்துத் திருப்பியதும் நிறம் மட்டும் பாம்புச் சட்டை போல் உரிந்து அவள் விரலோடு வந்தது. இறுகிய சிலிகான் மேல் சிலிகானைத் தவிர வேறெதுவும் ஒட்டாது. நிறம் வேண்டுமானால் பிழியும் முன்பே, எண்ணெய் வண்ணத்தில் ஒரு குண்டூசித் தலை அளவு கலந்துவிட வேண்டும்.

வினிகர் வாடை அடித்தால் அது அசிட்டிக் வகை. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். இத்தனைக்கும் பிறகு அது தூசியைக் கூப்பிட்டு ஒட்டவைத்துக்கொள்ளும். பழைய வீட்டில் தூசிக்கு என்ன பஞ்சம்?

பாலிமர் களிமண்

நேர்த்தி என்றால் இதுதான். களிமண்ணைச் சீவி, திரவ பாலிமர் களிமண் விட்டுக் கத்தியால் மசித்தால் வெண்ணெய்ப் பதம் வரும். சுடும் வரை இறுகாது என்பதால் பிடிக்காத பூவை நிதானமாக வழித்துவிட்டு மறுபடி வைக்கலாம். உறையில் போட்டிருக்கும் சூட்டுக்கு மேல் போகக் கூடாது; பெரும்பாலும் 110 முதல் 130 டிகிரி செல்சியஸ். இது பி.வி.சி. சரக்கு, கருகினால் மூச்சை அடைக்கும் புகை வரும். ஓவனின் திருகு காட்டும் எண்ணை நம்பாமல் உள்ளே ஒரு வெப்பமானி வையுங்கள். சித்திரை மதியத்தில் கையிலேயே இளகி ஓடும் என்பதால் நான் இதைத் தொடுவது மார்கழியிலும் தையிலும்தான்.

சுட்ட பாலிமர் மேல் நகப்பூச்சு அடிக்காதீர்கள். நாளாக ஆகப் பிசுபிசுக்கும்.

நிறம்

நிஜ வெண்ணெய் கிரீம் சுத்த வெள்ளை கிடையாது. யெல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்) வண்ணத்தில் குச்சி நுனி அளவு சேர்த்தால்தான் தின்னத் தோன்றும். நான் சிக்கனம் பார்த்துச் சமையல் மஞ்சளைச் சேர்த்தேன். ஜன்னலோரம் இருந்த கேக் ஒரே மாதத்தில் வெளுத்துவிட்டது. இன்னொன்று, ஃபெவிகால் ஈரத்தில் வெள்ளை, காய்ந்தால் நிறமற்றது. ஈரத்தில் பார்க்கும் நிறம் காய்ந்தபின் ஒரு படி அழுத்தமாகிவிடும். வெளிறலாகவே கலந்துகொள்ளுங்கள்.

பளபளக்கும் சாக்லேட் மூடிக்கு ஆத்தங்குடித் தரைக்கல் செய்பவர்களின் வழி உதவும். அவர்கள் வண்ணச் சிமெண்டைக் கண்ணாடி மேல் ஊற்றுகிறார்கள். கண்ணாடியைத் தொட்ட பக்கம்தான் தளத்தின் பளபளப்பான முகமாகிறது. நானும் பழுப்பு வண்ணத்தை ஃபெவிகாலோடு கலந்து வழவழப்பான பிளாஸ்டிக் ஃபைல் உறை மேல் வட்டமாக ஊற்றி, காய்ந்ததும் உரித்து, அடிப்பக்கத்தை மேலாக வைத்து ஒட்டுகிறேன்.

பின்னால் சேர்த்தது

சுட்ட பாலிமர் கேக் மேல் பட்டிப் பூச்சு பெயர்ந்து வருகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். கேக்கை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, ஃபெவிகால் மெல்லியதாகத் தடவிக் காயவிட்டு, பிறகு பூசுங்கள். எனக்கும் பெயர்ந்திருக்கிறது; எழுத மறந்துவிட்டேன்.

மேலே தூவும் வண்ண மணிகளுக்குக் கசகசா போடலாமா என்று ஒருவர் கேட்டார். ஒரு மி.மீ. கசகசா 1:12 கணக்கில் 1.2 செ.மீ. ஆகிவிடும், கேக் மேல் கோலிக்குண்டு உருட்டியது போல் இருக்கும். வண்ணக் கோலப் பொடியைச் சலித்து, பூச்சு ஈரமாக இருக்கும்போது தூவுங்கள்.

இவ்வளவு எதற்கு, நிஜ ராயல் ஐசிங்கையே வைத்தால் என்ன என்றும் ஒரு கேள்வி. வைத்துப் பார்த்தேன். கல்லாக இறுகியது, முனை ஒன்றுகூடச் சாயவில்லை. கார்த்திகை மழையில் ஈரம் வாங்கிக் கசிந்தது. எங்கள் இரண்டாங்கட்டு எறும்புகளுக்கு அளவு 1:12 என்பதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.