அம்மாவோடு பாங்காக்: சாலையை விடுங்கள், ஆற்றைப் பிடியுங்கள்

அம்மாவுக்கு 67 வயது. இரண்டு முழங்காலிலும் வலி, அதோடு சுத்த சைவம். அவரை அழைத்துக்கொண்டு நான்கு நாள் பாங்காக் சுற்றி வந்தேன். ஆகவே ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் அந்த ஊர் எப்படி இருக்கும் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

கிளம்பும் முன் இணையத்தில் தாய்லாந்து அரசின் வருகை அட்டை நிரப்ப வேண்டும். 2025 மே முதல் கட்டாயம். போய் இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பினால் போதும், கட்டணம் கிடையாது. காசு கேட்கும் தளம் போலி, மூடிவிடுங்கள். விசா விதி அடிக்கடி மாறுகிறது. போன வருடம் போய்வந்த சித்தப்பாவைக் கேட்காமல் தூதரகத் தளத்தைப் பாருங்கள். டிக்கெட்டில் விமான நிலையத்தின் பெயரையும் பார்த்துக்கொள்ளுங்கள். சுவர்ணபூமி, டான் முவாங் என்று இரண்டு இருக்கின்றன.

சுவர்ணபூமியில் இறங்கினால் டாக்சி வரிசைக்குப் போகாமல் கீழ்த்தளத்துக்குப் போய் ரயில் ஏறுங்கள். கடைசி நிறுத்தமான பயா தாய் வரை 45 பாத் (பாத் அந்த ஊர்ப் பணம்). அங்கிருந்து மேம்பால ரயில். நாங்கள் சீலோம் பக்கம், சுரசக் நிலையத்துக்கு அருகில் அறை எடுத்திருந்தோம். சியாம் நிலையத்தில் வண்டி மாற வேண்டும், ஆனால் படி ஏறி இறங்கும் வேலை இல்லை. அடுத்த வண்டி அதே நடைமேடையின் மறுபக்கம் வந்து நிற்கும். முழங்கால் வலிக்காரர்களுக்கு இது பெரிய விஷயம். அறை எங்கே எடுத்தாலும் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் எடுங்கள். சாயங்காலம் சாலையில் மாட்டிக்கொண்டால் மீட்டர் ஓடும், வண்டி ஓடாது.

ஊர் பார்க்க ஆறுதான் வழி. சுரசக்குக்கு அடுத்த நிலையம் சபான் தக்சின். இறங்கினால் காலடியில் படகுத்துறை. அங்கே சுற்றுலாப் படகுக்கு ஆள் பிடிப்பார்கள். சிரித்துவிட்டு நகருங்கள். ஊர்க்காரர்கள் ஏறும் ஆரஞ்சுக் கொடிப் படகுக்கு 16 பாத்தான். படகு துறையில் நிற்பது கண் மூடித் திறக்கும் நேரம். அம்மா ஏறுவதற்குள் விசில் அடித்துவிட்டார்கள். படகுக்காரப் பையனே கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டான்.

தா சாங் துறையில் இறங்கினால் அரண்மனை. எட்டரைக்குத் திறக்கும்போதே வாசலில் நில்லுங்கள், பத்து மணிக்கு மேல் வெயிலும் கூட்டமும் சேர்ந்து ஆளை அமுக்கிவிடும். நுழைவு 500 பாத். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். அம்மாவின் சேலைக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. அரைக்கால் சட்டையில் வந்தவர்களைத்தான் ஓரங்கட்டினார்கள். வெளியே மடிப்புக் கலையாத சட்டை போட்ட ஒருவர் வந்து, "இன்று அரண்மனை மூடியிருக்கிறது, இருபது பாத்துக்கு டுக் டுக்கில் வேறு கோயில்கள் காட்டுகிறேன்" என்றார். அந்தப் பயணம் ரத்தினக் கடையில்தான் முடியும். நேராக வாசலுக்கு நடங்கள்.

அடுத்து வாட் போ. வாட் என்றால் கோயில். சாய்ந்து படுத்திருக்கும் புத்தர் 46 மீட்டர் நீளம். அவர் முதுகுப் பக்கம் வரிசையாக 108 வெண்கலக் கிண்ணங்கள். சில்லறை வாங்கி ஒவ்வொன்றிலும் ஒரு காசு போட்டுக்கொண்டே போகலாம். அம்மா இரண்டு சுற்று போட்டார். பக்கத்திலேயே தா தியன் துறை. அங்கிருந்து 5 பாத்தில் அக்கரைக்குப் போனால் வாட் அருண். உடைந்த சீனப் பீங்கானால் இழைத்த கோபுரம் அது, கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். படிகள் செங்குத்து. அம்மா கீழேயே உட்கார்ந்துகொண்டார்.

சாப்பாடுதான் உண்மையான சோதனை. காய்கறிப் பொரியலில்கூட மீன் சாறு விடுவார்கள். "வெஜிடேரியன்" என்பதைவிட "கின் ஜே" என்று சொன்னால் நன்றாகப் புரிகிறது. ஜே என்றால் மீன், முட்டை, பால் மட்டுமல்ல, வெங்காயம், பூண்டும் இல்லாத விரதச் சமையல். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துப் போட்ட கடைகளைத் தேடுங்கள். அலுத்துப்போனால் பிரதுனாம் பக்கம் இந்திய உணவகங்கள் உண்டு. நாங்கள் மாம்பழமும் தேங்காய்ப்பால் ஒட்டுச்சோறும் தின்றே ஒரு ராத்திரியை ஓட்டினோம். வருத்தமில்லை.

ஒரு காலையைத் தமிழுக்கு ஒதுக்குங்கள். சீலோம் சாலையில் மாரியம்மன் கோயில் இருக்கிறது, வரிசையில் நின்றவர்களில் முக்கால்வாசி தாய்லாந்துக்காரர்கள். உள்ளே படம் எடுக்கக் கூடாது. பிறகு மெட்ரோவில் சாம் யோட் போய் நடந்தால் செக்கச்செவேல் என்று இரண்டு உயர்ந்த தூண்கள்: ராட்சத ஊஞ்சல். இதில் ஆடும் சடங்கை 1935-இல் நிறுத்திவிட்டார்கள். ஆனால் அருகிலுள்ள பிராமணர் கோயிலில் விழா இன்னும் நடக்கிறது. அதன் பெயர் திரியம்பவாய், திரிபவாய். இரண்டு முறை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். திருவெம்பாவை, திருப்பாவை! அம்மாவிடம் சொன்னேன். முழங்கால் வலியை மறந்து அந்தத் தூண்களை முழுச் சுற்று சுற்றி வந்தார்.