வண்டியில் ஏறும் முன் துப்பட்டாவைக் கழற்றிப் பைக்குள் வையுங்கள்

பைக், ஸ்கூட்டரின் பின்சீட்டில் உட்காரும் முன் துப்பட்டாவைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்துவிடுங்கள். கழற்ற மனமில்லை என்றால் இரண்டு முனைகளையும் முன்னால் கொண்டுவந்து இடுப்பில் இறுக்கமாகச் செருகிக்கொண்டு உட்காருங்கள். பத்து நொடிகூட ஆகாது.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் டயரின் விளிம்பு நொடிக்கு 11 மீட்டர் சுற்றுகிறது. துப்பட்டாவின் முனை சக்கரத்தின் ஆரக்கம்பியிலோ செயினிலோ சிக்கினால், ஓட்டுபவர் பிரேக்கைத் தொடுவதற்குள் துணி கழுத்தை இறுக்கிவிடும். நடனக் கலைஞர் இசடோரா டங்கன் 1927-ல் பிரான்சின் நீஸ் நகரில் இப்படித்தான் இறந்தார்; நீண்ட கழுத்துத்துணி கார் சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. சேலை கார்டு (துணி பின்சக்கரத்தில் சிக்காமல் தடுக்கும் கம்பித் தடுப்பு) இருக்கிறதே என்று தயவுசெய்து அசட்டையாக இருக்காதீர்கள். அது பெரும்பாலும் இடப்பக்கம் மட்டும்தான். காற்றில் துணி வலப்பக்கமும் பறக்கும்.

கழுத்தைச் சுற்றி முடிச்சுப் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம், ஆபத்து அதிகம். அப்புறம், கிரைண்டர், மோட்டார் பம்ப், கதிரடிக்கும் இயந்திரம் பக்கத்தில் செருகிக்கொள்வது போதாது. குனியும்போது நழுவிவிடும். அங்கே துப்பட்டாவை முழுக்கக் கழற்றித்தான் ஆக வேண்டும்.