பழைய அரசு அறிக்கைகளில் எங்கள் ஊரைத் தேடிப் பிடித்த விதம்

இராமநாதபுரம் கடற்கரையில் இருக்கும் எங்கள் ஊர் மண்டபம். அங்குள்ள பள்ளியின் ஆண்டு மலருக்கு ஊர் வரலாறு எழுத ஒப்புக்கொண்டேன். சென்னை கன்னிமாரா நூலகத்தில் கிடைக்காததா என்ற தெம்பு. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் வெளியாகும் நூல்களில் ஒரு பிரதி அங்கே போகிறதே! ஆனால் ஊர்ப் பெயரைச் சொல்லித் தேடினால் ஒன்றும் வரவில்லை.

"ஊரை விடுங்க தம்பி. எந்த வருஷம், எந்தத் துறை?" என்றார் அங்கிருந்தவர். அரசு வெளியீடுகள் பெரும்பாலும் வெளியிட்ட துறையின் பெயரில்தான் பதிவாகியிருக்கும். சரி, துறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு.

அடுத்த சிக்கல் மாவட்டம். இராமநாதபுரம் தனி மாவட்டமானது 1910-இல். 1901 கணக்கெடுப்பு வேண்டுமென்றால் நம் கடற்கரையை மதுரைக்குள் தேட வேண்டும். சிவகங்கையும் விருதுநகரும் பிரிந்தது 1985-இல். அதற்கு முந்தைய கணக்கெடுப்பு அறிக்கைத் தொகுதிகளில் எல்லாம் ஒன்றாகத்தான் கிடக்கும். பொருளடக்கத்தை நம்பாமல் தாலுகா வாரியான ஊர்ப் பட்டியலுக்கு நேரே போனேன். மடித்தால் முறியும் தாள், பொடி எழுத்து, ஆனால் மண்டபம் அதில் இருந்தது.

தனுஷ்கோடிக்காரர்கள் 1961 தொகுதியைக் கேளுங்கள். 1964 டிசம்பர் புயலுக்கு முந்தைய கடைசிக் கணக்கெடுப்பு அதுதான். பென்சிலும் நோட்டும் கொண்டு போங்கள், இந்தத் தாள்களை ஜெராக்ஸ் எடுக்க விடுவது சந்தேகம்.