பியானோ விரல்களை ஹார்ப்சிகார்டுக்குப் பழக்குவது எப்படி?

லண்டனில் ஒரு கன்சர்வேட்டரியில், அதாவது இசைக் கல்லூரியில், பியானோ படித்தபோது, இரண்டாவது வாத்தியமாக ஹார்ப்சிகார்டை எடுத்தேன். பியானோவுக்கு முந்தைய காலத்துக் கட்டை வாத்தியம் அது. பெரிய ஆசையெல்லாம் இல்லை. பியானோ அறை கிடைக்கக் காத்துக்கிடக்க வேண்டும். ஹார்ப்சிகார்டு அறை எப்போதும் காலி. நீங்களும் கீபோர்டு துறையில் சேரப்போகிறீர்கள் என்றால், முதல் மாதம் நான் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம்.

முதலில், அடிக்காதீர்கள். பியானோவில் சுத்தியல் தந்தியை அடிக்கிறது. இதில் ஒரு சின்ன அலகு தந்தியை மீட்டிவிட்டுப் போகிறது, வீணையில் விரல் மீட்டுகிற மாதிரி. அந்தக் காலத்தில் காக்கை இறகின் தண்டைச் செதுக்கி அலகு செய்தார்கள். இப்போது பெரும்பாலும் டெல்ரின் என்ற பிளாஸ்டிக். ஓங்கி அழுத்தினால் நாதம் பெரிதாகாது, கட்டை மோதும் 'டக்' சத்தம்தான் பெரிதாகும்.

ஒரு கட்டையை மிக மெதுவாக அழுத்திப் பாருங்கள். வழியில் ஒரு சின்னத் தடை தட்டுப்படும். அலகு தந்தியைத் தொட்டு நிற்கும் இடம் அது. அங்கேயே ஒரு கணம் நிறுத்தி, அப்புறம் லேசாகத் தள்ளுங்கள். ஐந்து விரலுக்கும் தினம் பத்து நிமிடம் இதையே செய்தேன். இரண்டாவது வாரம்தான் டக் சத்தம் அடங்கியது. பிரெஞ்சு இசையமைப்பாளர் கூப்பரான் 1716இல் வெளியிட்ட கிளாவசான் (ஹார்ப்சிகார்டின் பிரெஞ்சுப் பெயர்) கையேட்டில், சிறு பிள்ளைகளுக்கு இறகலகு மிக மென்மையாகப் பொருத்திய வாத்தியத்தையே கொடுக்கச் சொல்கிறார். இருபத்தொரு வயதில் எனக்கும் அதுதான் தேவைப்பட்டது.

பெடல் கிடையாது, கால் தானாகத் தேடும், விட்டுவிடுங்கள். நாதம் நிறைய வேண்டுமென்றால் விரலைச் சீக்கிரம் எடுக்காமல் பிடித்திருக்க வேண்டும். பாக் எழுதிய சி மேஜர் பிரிலூட், அதாவது வெல் டெம்பர்ட் கிளேவியரின் முதல் துண்டு, இதற்கு நல்ல பயிற்சி. இடது கைச் சுரங்களைப் பிடித்திருக்கும்படி அவரே எழுதியிருக்கிறார். வலது கையையும் அப்படியே பிடித்துப் பாருங்கள், அறையே நிறையும். ஒரு சுரத்தை எடுத்துக்காட்ட, அதற்கு முந்தையதைக் கொஞ்சம் முன்னதாக விட்டு இடைவெளி கொடுங்கள். காது அதைப் பலமான சுரம் என்றே எடுத்துக்கொள்ளும்.

இன்னொரு குழப்பம் சுருதி. பரோக் சுருதியில், அதாவது பாக் காலத்து இசைக்கு வைக்கும் சுருதியில், ஏ என்ற சுரம் இன்றைய வழக்கமான 440 அல்ல, பெரும்பாலும் 415 ஹெர்ட்ஸ். ஏறக்குறைய அரைக் கட்டை கீழே. சுரத்தைக் கேட்டதும் பெயர் சொல்லும் காது உள்ளவர்களுக்கு முதல் சில நாள் தலை சுற்றும்.

சுருதி சேர்ப்பதும் உங்கள் வேலைதான். தம்புரா சேர்த்துப் பழகிய காது இருந்தால் பாதி வேலை முடிந்தது. பஞ்சமத்தில் அலை அடிப்பது உங்களுக்குத் தெரியும். வலோட்டி என்ற சுருதி சேர்க்கும் முறையில் எஃப் தொடங்கி பி வரை அடுத்தடுத்து வரும் ஆறு பஞ்சமங்களைத் துளி குறுக்கி, மீதி ஆறையும் சுத்தமாக விட வேண்டும். ஒரு கட்டைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தந்தி வரிசைகள் இருந்தால், தொடங்கும் முன் ஒரு வரிசையை மட்டும் ஒலிக்க விட்டு, மற்றவற்றை நிறுத்திவிடுங்கள். சுருதி சேர்க்கும் சாவியைத் தந்தி சுற்றிய ஆணியில் மாட்டியதும் முதலில் துளி இறக்குங்கள். சுரம் இறங்கினால்தான் அது சரியான ஆணி. நான் நேராக ஏற்றினேன். சுரம் அசையவில்லையே என்று இன்னும் திருகினேன். திருகியது பக்கத்து ஆணியை. பட்டென்று தந்தி அறுந்து கன்னத்தில் பட்டது. டெக்னீஷியன் ஒன்றும் சொல்லாமல் புதுத் தந்தி கட்டினார், அதுதான் இன்னும் சங்கடம்.

குளிர்காலத்தில் ஹீட்டரைக் கூட்டாதீர்கள். காற்று உலர்ந்து, பாடுபட்டுச் சேர்த்த சுருதி இறங்கிவிடும். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வாசியுங்கள்.