இரு ஹார்டு டிஸ்குகளை ரெய்டு 0 முறையில் இணைத்தல்: தொடக்கநிலைச் செய்முறை விளக்கம்

ரெய்டு 0 முறையில் ஒவ்வொரு கோப்பும் துண்டுதுண்டாகப் பிரிக்கப்பட்டு இரு டிஸ்குகளிலும் மாறி மாறி எழுதப்படுவதால், நொடிக்கு 150 மெகாபைட் தரும் இரு டிஸ்குகள் சேர்ந்து பெரிய கோப்புகளை ஏறத்தாழ 300 மெகாபைட் வேகத்தில் தரும். ஆனால் ஒரு டிஸ்க் பழுதானாலும் இரண்டிலும் உள்ள தரவு முழுவதையும் இழக்க நேரிடும்.

முதல் படி, உங்கள் கணினி எங்கே தாமதமாகிறது என்று பாருங்கள். விண்டோஸ் திறக்கத் தாமதமானால் ரெய்டு 0 பெரிதாக உதவாது. சிறு கோப்புகளைத் தேடி எடுக்கும் நேரம் இதனால் குறைவதில்லை. அதற்கு ஒரே ஒரு சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்புகளில் தரவை வைக்கும் டிஸ்க்) போதும். அதுவே நொடிக்கு 500 மெகாபைட்டுக்கு மேல் தரும். நீண்ட காணொளிகளைத் தொகுப்பவருக்கே இந்த இணைப்பால் உண்மையான பயன் உண்டு.

இரண்டாம் படி, இழப்பைக் கணக்கிடுங்கள். ஒரு டிஸ்க் ஓராண்டில் பழுதாகும் வாய்ப்பு 3 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், இரண்டை இணைத்தபின் அது கிட்டத்தட்ட 6 சதவீதம். நான்கை இணைத்தால் 11 சதவீதத்தைத் தாண்டும். என்னைப் பொறுத்தவரை, இதைவிட முக்கியமான கணக்கு மீட்பு நேரம்தான்: 8 டெராபைட் தரவை நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் காப்புப் பிரதியிலிருந்து திரும்ப எழுத ஏறத்தாழ 15 மணி நேரம் ஆகும். காப்புப் பிரதியே இல்லையென்றால், தயவுசெய்து இத்துடன் நிறுத்திவிடுங்கள்.

மூன்றாம் படியில்தான் இணைப்பு. விண்டோஸ் உள்ள டிஸ்க் தவிர, ஒரே கொள்ளளவுள்ள வேறு இரு டிஸ்குகள் தேவை. அவற்றில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும் என்பதால், வேண்டியவற்றை முன்பே வேறிடத்தில் நகலெடுத்து, அந்த நகல்கள் சரியாகத் திறக்கின்றனவா என்றும் பாருங்கள். பிறகு கன்ட்ரோல் பேனலில் ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் பகுதிக்குச் சென்று, புதிய பூல் (டிஸ்குகளின் கூட்டு) உருவாக்கும் லிங்கைச் சொடுக்கி, இரு டிஸ்குகளையும் தேர்ந்தெடுங்கள். ரெசிலியன்சி (பழுதைத் தாங்கும் திறன்) வகை என்ற இடத்தில் ‘சிம்பிள்’ என்பதைத் தேர்வு செய்யுங்கள், ரெய்டு 0 போலத் தரவைப் பிரித்து எழுதுவது இதுதான். ‘டூ-வே மிரர்’ என்பது ஒரே தரவை இரண்டிலும் வைத்துப் பாதுகாக்கும் வேறு முறை, அதில் பாதிக் கொள்ளளவே கிடைக்கும்.

நான்காம் படியாக, பெரிய காணொளி ஒன்றை எஸ்எஸ்டியிலிருந்து இந்த இணைந்த டிஸ்குகளுக்கு நகலெடுத்து வேகத்தைச் சோதியுங்கள். கேமராவிலிருந்து எடுத்த மூலக் காட்சிகளின் பிரதி வெளி டிஸ்கில் இருக்கட்டும். பல நாள் உழைப்பில் உருவாகும் தொகுப்புக் கோப்பு (காட்சிகள் அல்ல, அவற்றை எப்படி வெட்டி அடுக்குவது என்ற விவரம் மட்டும் உள்ள புராஜெக்ட் கோப்பு) அளவில் சிறியது, ஆகையால் அதை எஸ்எஸ்டியிலேயே வைத்து, அன்றன்றே வேறொரு டிஸ்கிலும் நகலெடுத்துவிடுங்கள்.