நாலு கிழமைச் சம்பளம், நைட் ஷிஃப்ட், யூனிவர்சல் கிரெடிட்: எங்கே இடிக்கும்?

பிரித்தானியாவில் இரவு வேலைக்குக் கூடுதல் கூலி கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் இல்லை. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகாவிட்டால் போதும். மிச்சத்தை யூனிவர்சல் கிரெடிட்டில்தான் (குறைந்த வருமானக்காரருக்கு அரசு தரும் மாத உதவித்தொகை) பார்க்க வேண்டும். விசாவில் அரச நிதியுதவி பெறக்கூடாது என்ற நிபந்தனை இருந்தால் விண்ணப்பிக்கவே வேண்டாம். சேமிப்பு 16,000 பவுண்டைத் தாண்டினாலும் கிடைக்காது.

முதலில் கணக்கு. வரி, நேஷனல் இன்சூரன்ஸ், பென்ஷன் பிடித்தபின் வரும் தொகையைத்தான் எடுப்பார்கள். பிள்ளையும் வாடகை உதவியும் உள்ள குடும்பத்துக்கு 2025–26இல் மாதம் 411 பவுண்டு வரை தொடவில்லை. அதற்கு மேல் ஒவ்வொரு பவுண்டுக்கும் உதவித்தொகையில் 55 பென்ஸ் வெட்டு. நைட் அலவன்ஸாக 100 பவுண்டு கைக்கு வந்தால் உங்களுக்கு நிற்பது 45. அலவன்ஸைப் பார்த்து மயங்காமல், கூடுதல் இரவு எடுக்குமுன் இதைப் போட்டுப் பாருங்கள்.

பெரிய இடி வேறு. விண்ணப்பித்த திகதி 12 என்றால், உங்கள் கணக்கு மாதம் 12ஆம் திகதி தொடங்கி அடுத்த 11இல் முடியும். காசு 18இல் வரும். நாலு கிழமைக்கு ஒருமுறை சம்பளம் வாங்குபவருக்கு வருடத்தில் 13 சம்பளம். ஆகவே ஏதோ ஒரு மாதத்துக்குள் இரண்டு விழுந்தே தீரும். கழிவுகளுக்கு முன் உங்கள் உதவித்தொகை 1,250 பவுண்டு, சம்பளம் 1,400 என்று வையுங்கள். அந்த 411 போக மிச்சத்துக்கு, வழக்கமான மாதத்தில் 543.95 வெட்டி 706.05 தருவார்கள். இரட்டைச் சம்பள மாதத்தில் வெட்டு 1,313.95, கைக்கு ஒன்றும் வராது, கிளெயிமும் மூடப்படும். பிழை யாருடையதும் அல்ல, கணக்கே அப்படித்தான். ஆறு மாதத்துக்குள் அதே ஆன்லைன் கணக்கில் திரும்ப விண்ணப்பித்தால் பழைய திகதிகளே தொடரும். பே ஸ்லிப் திகதிகளைக் கலண்டரில் குறித்து, அந்த மாத வாடகையை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள்.

மாதச் சம்பளக்காரருக்கு வழி உண்டு. பாங்க் ஹொலிடேக்காகச் சம்பளம் முந்தி வந்து இரண்டும் ஒரே மாதத்தில் சேர்ந்தால், ஒன்றை உரிய மாதத்துக்கு மாற்றும்படி ஜர்னலில் (உங்கள் ஆன்லைன் கணக்கில் செய்தி எழுதும் பகுதி) எழுதுங்கள். 2020 நவம்பரிலிருந்து விதி இதற்கு இடம் தருகிறது. நாலு கிழமைக்காரருக்கு அந்தச் சலுகை இல்லை.

பிள்ளை பராமரிப்புச் செலவில் 85 சதவீதம் திரும்பக் கிடைக்கும். 2025–26இல் உச்சவரம்பு ஒரு பிள்ளைக்கு மாதம் 1,031.88, இரண்டு அல்லது அதற்கு மேல் என்றால் 1,768.94 பவுண்டாக இருந்தது. ஜோடியாக இருந்தால் பொதுவாக இருவரும் வேலையில் இருக்க வேண்டும். பராமரிப்பவர் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். பதிவில்லாத அம்மம்மாவுக்குக் காசு கொடுத்தாலும் கணக்கில் ஏறாது. இரவு தங்கவைக்கும் சைல்ட்மைண்டர் கிடைப்பதுதான் பெரும்பாடு. கட்டிய பற்றுச்சீட்டை அடுத்த கணக்கு மாதம் முடியுமுன் பதியுங்கள், பிந்தினால் அந்தக் காசு போகலாம். புது வேலை தொடங்கும்போது முற்பணம் கட்டக் காசில்லை என்றால், கட்டுவதற்கு முன்பே வேர்க் கோச்சிடம் (உங்கள் கிளெயிமைப் பார்க்கும் ஜாப் சென்டர் அலுவலர்) ஃப்ளெக்சிபிள் சப்போர்ட் ஃபண்ட் என்ற உதவி நிதியைக் கேளுங்கள்.