சோமாரியை நிதானமாகப் பார்ப்பது எப்படி

சோனிக் என்னும் நீல முள்ளெலி ஓடவேண்டிய பச்சைக் குன்றுகளின் மீது, தொப்பியும் மீசையுமாக மாரியோ ஓடிவரும் படத்தை மீம்களில் பலரும் பார்த்திருப்பீர்கள். யாரோ கணினியில் வெட்டி ஒட்டிய படம் என்றே முதலில் தோன்றும். ஆனால் 1994-இல் தைவானின் ஹம்மர் டீம் என்ற குழு உருவாக்கி, சோனிக்கின் உரிமையாளரான சேகாவிடமும் மாரியோவின் உரிமையாளரான நிண்டெண்டோவிடமும் அனுமதி பெறாமலேயே, நிண்டெண்டோவின் பழைய விளையாட்டுப் பெட்டியான ஃபேமிகாமுக்குரிய கேசட்டாக விற்பனைக்கு வந்த 'சோமாரி' என்ற முழு விளையாட்டு அது. அந்த மீமைப் பார்த்துச் சிரித்த பிறகு, விளையாட்டை ஒருமுறையாவது ஆழ்ந்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு இந்த வழிமுறை உதவும்.

சோமாரி எதன் நகலோ, அந்த மூலத்திலிருந்து தொடங்குங்கள். 1991-இல் சேகாவின் விளையாட்டுப் பெட்டியான மெகா டிரைவுக்கு வெளிவந்த முதல் சோனிக் விளையாட்டை, சேகாவே பின்னர் பல தொகுப்புகளில் வெளியிட்டிருப்பதால், முறையாகவே வாங்கி விளையாடலாம். அதன் முதல் கட்டமான கிரீன் ஹில்லை மட்டுமாவது இரண்டு மூன்று முறை ஆடிப் பாருங்கள். பின்னணியில் மேகமும் மலையும் நீர்ப்பரப்பும் வெவ்வேறு வேகத்தில் நகர்வதையும், அடிபட்டவுடன் கையிலிருந்த வளையங்கள் நாலாபுறமும் சிதறுவதையும், சரிவில் இறங்கும்போது வேகம் தானாக ஏறுவதையும் கண்ணில் பதித்துக்கொள்ளுங்கள். இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் நகலிடம் போகவேண்டும்.

அடுத்து, இரண்டு இயந்திரங்களுக்கும் இடையே உள்ள தூரத்தை அறிந்துகொள்ளவேண்டும். இதைத் தாண்டிக் குதித்தால் பிற்பாடு எதுவும் விளங்காது. மெகா டிரைவின் முதன்மை நினைவகம் 64 கிலோபைட். 1983-இல் வந்த ஃபேமிகாமுக்கு இருந்ததோ வெறும் 2 கிலோபைட். மெகா டிரைவில் பின்னணிக்கு இரண்டு தனித்தனி அடுக்குகள் உண்டு. ஃபேமிகாமில் ஒன்றே ஒன்று. நகரும் உருவங்களை ஃபேமிகாம் 8 பிக்சல் அகலமுள்ள சிறு துண்டுகளாகத்தான் வரையும். ஸ்ப்ரைட் எனப்படும் இந்தத் துண்டுகள் ஒரு கிடைக்கோட்டில் எட்டுக்கு மேல் தெரியாது. ஒரு காகிதத்தில் கட்டம் போட்டு வரைந்து பாருங்கள்: 32 பிக்சல் அகலமுள்ள ஒரு நாயகன் நின்றாலே நான்கு துண்டுகள் தீர்ந்துவிடுகின்றன. மிச்சமிருக்கும் நான்கில்தான் எதிரியும் வளையமும் பறக்கும் குண்டும் பங்கு போட்டுக்கொள்ளவேண்டும். இவ்வளவு நெருக்கடிக்குள் சோனிக்கைக் கொண்டுவர ஒருவர் துணிந்தார் என்பதே எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

இனி சோமாரியைப் பார்க்கலாம். தொடக்கம் முதல் முடிவு வரை ஒருவர் ஆடிப் பதிவுசெய்த காணொளியைத் திரையின் ஒரு பாதியிலும் மூலத்தின் பதிவை மறுபாதியிலும் வைத்து, ஒரே இடத்தில் இரண்டையும் நிறுத்திப் பாருங்கள். முதலில் நாயகனின் காலைக் கவனியுங்கள்: சோமாரி என்ற இந்த மாரியோ அணிந்திருப்பது சோனிக்கின் தோழனான டெயில்ஸின் காலணி. டெயில்ஸ் அறிமுகமானது 1992-இல் வெளிவந்த இரண்டாம் சோனிக்கில்தான். அதே இரண்டாம் பாகத்தில் வந்த, நின்ற இடத்திலேயே சுழன்று பாயும் ஸ்பின் டாஷ் என்ற உத்தியையும் சோமாரி செய்வார். 1991-இன் மூலத்தில் அது கிடையாது. ஆக, இவர்கள் முதல் பாகத்தை மட்டும் பார்த்துப் படியெடுக்கவில்லை; இரண்டையும் விளையாடி, எது சுவையானது என்று தேர்ந்து, தம் விளையாட்டில் சேர்த்திருக்கிறார்கள்.

பிறகு திரையின் அகலத்தைப் பாருங்கள். மூலம் 320 பிக்சல் அகலத்தைக் காட்டுகிறது. ஃபேமிகாம் 256 மட்டுமே காட்டும். அதாவது பார்வையில் ஐந்தில் ஒரு பங்கு பறிபோகிறது. வேகமாக ஓடும் விளையாட்டில் இது சிறிய இழப்பன்று. எதிரே வரும் முள் கண்ணில் படுவதற்கும் அதன் மேல் போய் விழுவதற்கும் இடையே உள்ள நேரம் சுருங்கிவிடுகிறது. சோமாரி தேவையில்லாமல் கடினமாக இருக்கிறது என்று குறை சொல்வோர் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்பது என் கருத்து. விளையாடத்தான் போகிறீர்கள் என்றால், முதல் முறை முழு வேகத்தில் ஓடாமல், இடத்தை மனப்பாடம் செய்துகொண்டு நகருங்கள்.

கட்டங்களை எண்ணும்போது, லாபிரிந்த் என்ற நீருக்கடிக் கட்டம் மட்டும் இங்கே இல்லை என்பது தெரியவரும். மூலத்தில் அந்தக் கட்டத்தின் நீர்மட்டத்துக்கு மேலே ஒரு வண்ணத் தொகுதியும் கீழே இன்னொன்றும் இருக்கும். திரை வரையப்பட்டுக்கொண்டிருக்கும்போதே வண்ணங்களை மாற்றினால்தான் அந்தத் தோற்றம் கிடைக்கும். அந்தக் கட்டம் விடுபட்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இவ்வகைக் கேசட்டுகளைப் பார்க்கும் எவரும் பழகவேண்டிய இன்னொன்று, தலைமாற்றிய விளையாட்டையும் புதிதாக எழுதிய விளையாட்டையும் பிரித்தறிவது. மீம் உலகில் சோமாரிக்கு நிகராகப் பேசப்படும் '7 கிராண்ட் டாட்', டைட்டோ நிறுவனம் 1991-இல் வெளியிட்ட, ஃபிளின்ட்ஸ்டோன்ஸ் கார்ட்டூனை ஒட்டிய விளையாட்டுதான். நாயகனின் தலையை எடுத்துவிட்டு மாரியோவின் தலையை வைத்திருக்கிறார்கள், அவ்வளவே. அங்கே குதிக்கும் உயரம், எதிரிகள் நிற்கும் இடம், கட்டங்களின் அமைப்பு எல்லாம் ஃபேமிகாமில் ஏற்கெனவே இருந்தவை. சோமாரிக்கு அப்படி ஒரு ஆயத்த அடித்தளம் இருக்கவில்லை. மெகா டிரைவின் நிரல் ஃபேமிகாமில் ஓடவே ஓடாது என்பதால் ஒவ்வொரு அசைவையும் புதிதாக எழுதியே ஆகவேண்டும். சந்தேகம் வந்தால், முகத்தை விட்டுவிட்டு நடையைப் பாருங்கள். தொண்ணூறுகளில் நம் வீடுகளில் 'டிவி கேம்' என்று வாங்கிய பெட்டிகளும் பெரும்பாலும் ஃபேமிகாமின் நகல்களே. எங்கள் வீட்டுக் கேசட்டின் மேலட்டை '9999 இன் 1' என்றது. பட்டியலில் இறங்கிக்கொண்டே போனால் அதே சில விளையாட்டுகள் வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வந்தன. அப்போதே நடையைப் பார்த்துத்தான் எது எது என்று கண்டுபிடித்தோம்.

கடைசியாக, படத்தை மறைத்துவிட்டு முதல் கட்டத்தின் இசையை மட்டும் இரண்டிலும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். மெகா டிரைவில், ஓர் அலையால் இன்னொன்றை மாற்றி ஒலி உண்டாக்கும் எஃப்எம் முறையில் ஆறு ஒலித்தடங்களும், அவற்றோடு நான்கு எளிய தடங்களும் உண்டு. ஃபேமிகாமில் இரண்டு சதுர அலை, ஒரு முக்கோண அலை, ஒரு இரைச்சல், பதிவுசெய்த ஒலிக்கு ஒன்று என ஐந்தே தடங்கள். காதணிபேசி போட்டுக்கொண்டு அந்த முக்கோண அலையை மட்டும் பின்தொடருங்கள். அதுதான் அடியிலிருந்து கனத்த சுரங்களைத் தாங்கும் தடம்.